அறை இருக்கிறது — யாருக்கு?

"அறை காலியாக இருக்கிறதா, சார்?"

"இருக்கிறது. தம்பிக்கு எந்த ஊர்?"

"காட்டுப்பள்ளி."

"அது எங்கே?"

"எண்ணூருக்கு அப்பால், சார். மீஞ்சூர் பக்கம், கடலோரம்."

"ஓ! அப்பா என்ன செய்கிறார்?"

"கடல் தொழில்."

சற்று மௌனம். பிறகு, முகத்திலிருந்த சிரிப்பு மாறாமலே விடை வருகிறது: "இப்போதுதான் நினைவு வருகிறது, தம்பி. என் மைத்துனர் பையனுக்கு இந்த அறையைத் தருவதாகச் சொல்லிவிட்டேன்."

மாணவன் படியிறங்கிப் போகிறான். மறுநாளும் அந்த வீட்டு வாயிலில் 'அறை வாடகைக்கு' என்ற அட்டை தொங்குகிறது. மறுவாரமும் தொங்குகிறது. மைத்துனர் பையன் வந்தபாடில்லை.

கற்பனை உரையாடல்தான் இது. ஆனால், நகரத்தில் அறை தேடி அலைந்த மாணவர் எவரிடமேனும் இதைப் படித்துக் காட்டுங்கள், "இந்த மைத்துனர் பையனை நானும் அறிவேனே!" என்று கூறிச் சிரிப்பார். தெருவுக்குத் தெரு அவனுக்கென்று அறைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவன் ஒருநாளும் குடிவருவதில்லை. ஆனால் வேறு எவரையும் குடிவர விடுவதுமில்லை. அவன் பெயர் சாதி!

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் திங்களில், தோளில் ஒரு பையும் கையில் சான்றிதழ்க் கட்டுமாக ஆயிரமாயிரம் இளைஞர்கள் சென்னைக்கு வருகின்றனர். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இனித் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். முதல் இடத்தைப் பெற்றுத் தந்தது மதிப்பெண். இரண்டாம் இடத்தைப் பெற்றுத் தருவது எது? வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் வருமா, கல்லூரிக்கு எத்தனை கல் தொலைவு என்று கணக்குப் போடுகிறோம். போடவேண்டியதுதான். ஆனால், அறை தேடும் இளைஞன் தன் வாழ்நாளின் முதல் பெரிய அறக்கேள்விக்கும் அந்த வாயிற்படியில் நின்றுதான் விடை கூறுகிறான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை இன்று போட்டுப் பார்ப்போம்.

காட்டுப்பள்ளியை அறியாதவர்க்கு அவ்வூரைப் பற்றி ஒரு சொல். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசத்தலை ஆற்றுக் கழியும், வடக்கே பழவேற்காடு, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வலைவீசி வாழ்ந்த மக்களின் மணற்பரப்பு அது. கப்பல் கட்டும் தளம் வரவேண்டும், துறைமுகம் வரவேண்டும் என்றார்கள். மீனவர் குடியிருப்பு பெயர்ந்து வேறிடம் போயிற்று. 2013-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு முன்பே, 2010-இல், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே எழுந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் ஆற்றல் வாய்ந்தது அது. பக்கத்திலேயே, 1994 முதல், வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதன் சாம்பல் எந்த ஆற்றில் படிந்தது என்று அங்குள்ள மீனவரைக் கேளுங்கள், சொல்லுவார்.

நகரம் குடிக்க நீர் தந்தது அந்தக் கரை. நகரத்து விளக்கு எரிய ஆற்றை இழந்தது அந்தக் கரை. நகரத்துச் சரக்கு ஏறி இறங்க, தான் குடியிருந்த மண்ணையே விட்டுக்கொடுத்தது அந்தக் கரை. இவ்வளவும் கேட்டுப் பெற்றபோது, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று நகரம் வினவவில்லை. அந்த ஊர்ப் பிள்ளை படிக்க வந்து, பத்தடிக்குப் பத்தடி இடம் கேட்கும்போதுதான் வினவுகிறது!

"ஏன் தம்பி, ஊரிலிருந்தே வந்துபோகலாமே?" என்று கேட்போர் உண்டு. வரலாம், பலர் வருகின்றனர். மீஞ்சூருக்கோ அத்திப்பட்டுப் புதுநகருக்கோ வந்து, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயிலில் தொற்றிக்கொண்டு, எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என ஊர்ந்து, நகருக்குள் இறங்கி, மறுபடி ஒரு வண்டி பிடித்துச் சேப்பாக்கத்துக்கோ கிண்டிக்கோ போய்ச் சேரலாம். ஆனால், மாலையில் நூலகத்தில் பாதிப் பக்கத்தில் நூலை மூடிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கும், விளக்கணையும் மட்டும் அமர்ந்து படித்துவிட்டு அறைக்கு நடந்து போகிறவனுக்கும் இடையே மூன்றாண்டில் விழும் இடைவெளியை எந்தப் பருவச் சீட்டும் நிரப்பாது. அதுமட்டுமா? கல்லூரி கற்பிப்பது பகலில். அறை கற்பிப்பது இரவில். பிறர் எப்படி உண்கிறார், உறங்குகிறார், எதற்கு அழுகிறார், வீட்டுக் கடிதம் வந்தால் முகம் எப்படி மாறுகிறது — இவற்றையெல்லாம் எந்தப் பேராசிரியரும் கற்பிக்க இயலாது. உடன் உறைபவன்தான் கற்பிப்பான்.

அதனால்தான் அறை வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த வாயிற்படிக் கேள்வி பெருங்கேள்வியாகிறது.

அக்கேள்வி இன்று நேராக வருவதில்லை. "உன் சாதி என்ன?" என்று கேட்பது நாகரிகமன்று என்பதை நகரம் கற்றுக்கொண்டுவிட்டது. கேளாமலே அறிந்துகொள்ளும் கலையையும் உடன் கற்றுக்கொண்டுவிட்டது. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, தாத்தா என்ன செய்தார், எந்தச் சாமி குலசாமி — ஒவ்வொன்றாகக் கேட்டு, மீன்முள் எடுப்பதுபோல மெல்ல எடுத்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் எளிய முறை ஒன்றுண்டு. அதற்கு வாயைத் திறக்கவும் வேண்டியதில்லை. 'சைவ உணவினர்க்கு மட்டும்' என்று அட்டையில் எழுதிவிட்டால் போதும்.

இங்கே நிதானமாக எண்ணவேண்டும். புலால் உண்ணாமை ஒருவர் கொண்ட கொள்கையாயின், அதை நாம் மதிக்கிறோம். தம் சமையலறையை ஒருவர் பகிர்ந்து கொடுத்தால், "இந்த அடுப்பில் மீன் சமைக்கவேண்டா" என்று கூறவும் அவருக்கு உரிமையுண்டு. ஆனால், தனி வாயில், தனிப் படி, மாடியில் தனி அறை. அங்கே அடுப்பே இல்லை. மாணவன் உண்பது வெளியே! அந்த அறைக்கும், "மீன் தின்பவனா நீ?" என்று கேட்டால், அங்கே தடுக்கப்படுவது மீனா, மீனவனா? வயிற்றில் உள்ளதைக் கேட்பதுபோலப் பிறப்பில் உள்ளதைக் கேட்கிற தந்திரமன்றோ இது!

பலகைகளின் கதை நமக்குப் புதிதன்று. தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் இருந்த உணவுச் சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கிவைத்திருந்தனர். எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் அது ஒழிந்தது. 1957-இல், திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரி, மாதக்கணக்கில் மறியல் நடந்தது. பலகை இறங்கிற்று. இறங்கிய பலகை வேறு சொல் பூண்டு வேறிடத்தில் ஏறுவதையும் காண்கிறோம். 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி.யின் மாணவர் உணவுக்கூடம் ஒன்றில், சைவ உணவினர்க்குத் தனி வாயில், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பின்னரே அகற்றப்பட்டன. தில்லித் தலைநகர்ப் பகுதியில் சுகதேவ் தோராட்டும் அவர் குழுவினரும் ஆய்வொன்று நடத்தி, 2015-இல் வெளியிட்டனர். ஒரே தகுதி, ஒரே வருவாய், பெயர் மட்டும் வேறாக ஆட்கள் வாடகை வீடு கேட்டனர். மேல்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு, தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் பலமுறை மூடிக்கொண்டது. மூடிய கதவு தற்செயலன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, கேள்வியின் முன் நிற்கும் மாணவனிடம் வருவோம். அவன் முன் மூன்று வழிகள் கிடக்கின்றன. உண்மையைக் கூறலாம், அறை போகும். "அது உங்களுக்குத் தேவையற்ற செய்தி" என்று கூறலாம். அப்போதும் அறை போகும், மதிப்பு மட்டும் மிஞ்சும். மூன்றாவது, பொய் கூறலாம், அறை கிடைக்கும். பொய் கூறலாமா?

இதே கேள்வியின் முன் நின்றவர் ஒருவர் நம் வரலாற்றில் உண்டு. அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், இலண்டனிலும் பயின்றவர். 1917-இல், தம்மைப் படிக்க அனுப்பிய பரோடா அரசில் பணிபுரியச் சென்றார். அம்பேத்கர்! அத்தனை பெரிய நகரில் அவருக்குத் தங்க ஓர் அறை இல்லை. இந்து விடுதிகள் தம்மை ஏற்கா என்று அறிந்து, பார்சி விடுதி ஒன்றுக்குப் போனார். அது பார்சிகளுக்கு மட்டுமேயானது. காப்பாளருக்கோ வருவாய் வேண்டும். அம்பேத்கருக்கோ அறை வேண்டும். ஏட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வதென இருவரும் உடன்பட்டனர். நாளுக்கு ஒன்றரை ரூபாய். வேறு மனித அரவமே இல்லாத இருண்ட மேல்மாடியில் அவர் தங்கினார். பதினோராம் நாள், கையில் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து நின்று, "நீ யார்?" என்று கேட்டது. மாலைக்குள் வெளியேறு என்றது. ஓர் இந்து நண்பரைக் கேட்டார். "நீ வந்தால் என் வேலைக்காரர் போய்விடுவர்" என்றார் அவர். ஒரு கிறித்தவ நண்பரைக் கேட்டார். "மனைவி வந்தபின் கேட்டுச் சொல்கிறேன்" என்றார் அவர். இரவு பம்பாய் வண்டி வரும் மட்டும், பரோடாவின் பூங்காவில், பெட்டி படுக்கையோடு காத்திருந்தார் பிற்காலத்தில் இந்நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்தவர்.

அவர் பொய் கூறினார், குற்றவாளியா?

செர்மானிய அறிஞர் காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரையொன்றில், கொலை செய்யத் துரத்தி வருகிறவன், "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் கூறுவது தவறு என்று வாதாடினார். அவ்வாதம் பிறந்ததே, பிரெஞ்சு நாட்டுப் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் எழுதியதை மறுக்கத்தான். உண்மையை அறிய உரிமையுள்ளவனிடமே உண்மை கூறும் கடமை நமக்கு உண்டு என்றார் கான்ஸ்டன்ட். நம் வள்ளுவரோ, பிறர்க்குத் தீங்கு பயவாச் சொல்லே வாய்மை எனத் தொடங்கி, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் மட்டும் செல்கிறார்.

இம்மூவரையும் அந்த வாயிற்படிக்கு அழைத்து வாருங்கள். வீட்டுக்காரர் எதை அறிய உரிமையுள்ளவர்? பெயர் அறியலாம், ஊர் அறியலாம், எந்தக் கல்லூரி, வாடகைக்குப் பொறுப்பு யார், இடர் நேர்ந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவது — இவற்றையெல்லாம் அறியலாம். அறிந்தேயாக வேண்டும். எந்த வயிற்றில் பிறந்தாய் என்பதை அறிய அவருக்கு உரிமையில்லை. உரிமையின்றிக் கேட்கப்பட்ட கேள்விக்குத் தரப்படும் பொய் விடை, அவரிடமிருந்து எதையும் திருடவில்லை. வாடகை குறையவில்லை, சுவர் இடியவில்லை. ஆகவே, வேறு வழியற்று அந்தப் பொய்யைக் கூறும் ஏழை மாணவன்மீது, பொழுது சாய்வதற்குள் பாதுகாப்பான இடம் தேடவேண்டிய மாணவிமீது, குற்றம் சாற்றும் தகுதி நமக்கு இல்லை. பொய்யைப் பெற்றெடுத்தது கேள்வி. பழி தாய்க்கே உரியது.

ஆயினும், பழியில்லாத பொய்யும் விலையில்லாத பொய்யன்று. விலை கொடுப்பவன், கூறியவனே. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் குரல் தாழ்த்திப் பேசவேண்டும். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஒளிக்கவேண்டும். அப்பா பார்க்க வருகிறேன் என்றால், "வேண்டாம், நானே வருகிறேன்" எனவேண்டும். மூன்றாண்டு படிப்போடு, தன்னைத்தானே மறைக்கும் பயிற்சியும் சேர்ந்து நடக்கும். பதினோராம் நாள் எப்போது வருமோ என்று எண்ணி எண்ணியே பத்து நாளும் கழியும். அறை கிடைத்தது; அதில் வாழ ஆள் இல்லை! ஆகவே பொய் மன்னிக்கத்தக்கது; தீர்வாகத் தகுதியற்றது.

"இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? நம்மவர் விடுதி இருக்கிறதே!" என்று நான்காவது வழி காட்டுவோர் உண்டு. சாதிச் சங்கத்தார் நடத்தும் விடுதி. வாடகை சொற்பம், சோறு உண்டு, உறவினர் சிபாரிசு உண்டு, வாயிற்படியில் கேள்வியும் இல்லை. கேள்வி ஏன் இல்லை? விடையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதானே உள்ளே விடுகிறார்கள்!

இங்கும் நியாயமாகப் பேசவேண்டும். அத்தகைய விடுதிகள் ஒருகாலத்தில் தேவையாயிருந்தன. கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர், 1901-இல் மராத்திய மாணவர்க்கு விடுதி கண்டார். தொடர்ந்து சமணர்க்கும், முஸ்லிம்களுக்கும், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோர்க்கும் தனித்தனி விடுதிகளுக்கு வழிசெய்தார். சாதியை வளர்க்கவா? பொதுவிடுதி என்ற பெயரில் இருந்தவை ஒரு சாதியின் விடுதியாக இருந்ததால்! தமிழகத்திலும் அப்படித்தான், நகரம் கதவடைத்தபோது, அடைக்கப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே கூரை வேய்ந்துகொண்டார்கள். அக்கூரையைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல்.

பொதுவென்ற பெயருக்குள் தனிமை எப்படிக் குடிபுகும் என்பதற்குச் சேரன்மாதேவி சான்று. பொதுநிதி பெற்று நடந்த குருகுலம் அது, வ.வே.சு. ஐயர் நடத்தியது, காங்கிரசும் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு என்ற செய்தி வெளிவந்து, 1924-25-இல் தமிழகத்தைக் குலுக்கிற்று. பெரியாரும் வரதராசுலுவும் எழுப்பிய கேள்வி எளியது: பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் இரண்டு பந்தி எதற்கு? ஒரு மாணவர் விடுதியின் சோற்றுப் பந்தி, ஒரு நாட்டின் அரசியலையே திசைதிருப்பியது!

ஆகவே, சாதி விடுதிகளை ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. எலும்பு முறிந்தவன் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டுக்கொள்கிறான். எலும்பு கூடிய பின்னும் கட்டை அவிழ்க்காவிட்டால் கை சூம்பிவிடும். ஆனால், எலும்பு கூடிற்றா இல்லையா என்று கூறவேண்டியவன் கட்டுப் போட்டுக்கொண்டவன், அடித்தவன் அல்லன். ஒடுக்கப்பட்டவனுக்கு அவ்விடுதி இன்றும் கேடயமாயிருக்கலாம். எந்தக் கதவும் அடைபடாத சாதியில் பிறந்தவன், "என் ஆட்களோடு இருந்தால்தான் எனக்கு நிம்மதி" என்று அதே போன்றதொரு விடுதிக்குப் போவானாயின், அவன் கையில் இருப்பது கேடயமன்று, வேலி.

தமிழக அரசு 2025 சூலையில், வெவ்வேறு துறைகளின் கீழ் வகுப்புப் பெயர்களால் வழங்கிவந்த மாணவர் விடுதிகள் அனைத்தையும் 'சமூகநீதி விடுதிகள்' என்ற ஒரே பெயரால் அழைக்க முடிவு செய்தது. வரவேற்கத்தக்கது. முகவரி எழுதும்போதே சாதியை எழுதவேண்டிய இழிவு அதனால் ஒழியும். ஆனால், பெயர்ப் பலகையை அரசு மாற்றலாம். பாயை யாருக்குப் பக்கத்தில் விரிப்பது என்பதை மாணவனே மாற்றவேண்டும்.

இங்கேதான் நான் கூறவந்த செய்தி இருக்கிறது. இதுவரை, கேட்கப்படுகிறவன் என்ன செய்யவேண்டும் என்றே ஆராய்ந்தோம். உண்மை கூறு, பொய் கூறு, திரும்பிப் போ, தனி விடுதிக்குப் போ என்று அவன் தலையிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றினோம். அவன் பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவனை மறந்தோம். அதே வாயிற்படி, அதே வீட்டுக்காரர், இவன் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்கிறது. "வா தம்பி, எப்போது குடிவருகிறாய்?" என்கிறார். இவன் பொய் கூறவில்லை, யாரையும் துரத்தவில்லை, சாதி பேசவுமில்லை. முன்பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டான். இவன் செய்த தவறு என்ன?

இவன் கையிலிருக்கும் சாவி, மற்றவனுக்கு மறுக்கப்பட்ட சாவி. அந்த மைத்துனர் பையன் வேறு யாருமல்லன், இவன்தான்!

கேள்வியைக் கேட்டவரின் பாவத்தை நாம் அறிவோம். கேள்விக்கு ஆளானவனின் துயரத்தையும் அறிவோம். கேள்வியே இல்லாமல் உள்ளே விடப்பட்டவனின் பொறுப்பைத்தான் நாம் பேசுவதில்லை. அறத்தின் சுமை தோள்வலிமைக்கு ஏற்பவே ஏற்றப்படவேண்டும். மறுக்கப்பட்டவன் வாதாடினால் அறையை இழப்பான். ஏற்கப்பட்டவன் வாதாடினால், இழப்பது ஒருநாள் அலைச்சல். எனவே, முதலில் பேசவேண்டியவன் ஏற்கப்பட்டவனே.

"அவனும் ஏழை மாணவன்தானே? அறையை விட்டுவிட்டுத் தெருவில் நிற்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். தியாகி ஆகச் சொல்லவில்லை. மூன்று சிறு செயல்களையே கேட்கிறோம். தன் சாதியைக் கேட்டால், உயர்வு தரும் விடையாயிருந்தாலும் கூறாதிருக்கட்டும். அறை தேடத் தனியே போகாமல், வகுப்புத் தோழனோடு இணைந்து போகட்டும்; வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் ஏறட்டும். குடிவந்த பின், தோழனின் அப்பா ஊரிலிருந்து வரும்போது, வாயிலுக்குப் போய், "வாங்கப்பா" என்று அழைத்து வரட்டும். இவ்வளவே. இதைச் செய்ய மனமில்லாதவன் மேடையில் சாதி ஒழிப்புப் பேசட்டும், யார் தடுத்தார்! கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அவன் அறையின் சுவருக்கு உண்மை தெரியும்.

"வீடு என்னுடையது, விரும்பியவனுக்கு விடுவேன். இதில் தலையிட நீங்கள் யார்?" என்று வீட்டுக்காரரும் கேட்கக்கூடும். தாம் உண்டு உறங்கும் வீட்டில் யாரை விருந்தினராக அழைப்பது என்பது அவர் விருப்பம். ஆனால், அட்டை தொங்கவிட்டு, தரகருக்குச் சொல்லிவைத்து, மாதந்தோறும் பணம் பெறுவது விருந்தோம்பலா, வணிகமா? வணிகமெனில், வணிகத்தின் முறை பணத்தைப் பார்ப்பது, பிறப்பைப் பார்ப்பதன்று. இலண்டனில் ஒருகாலத்தில், கருநிறத்தார்க்கு அறை இல்லை என்று சன்னல்களில் எழுதி வைத்திருந்தனர். 1965-இல் பிரிட்டன் இயற்றிய இனவேற்றுமைத் தடைச்சட்டம் வீடுகளைத் தொடவில்லை. 1968-இல் இயற்றிய சட்டம் தொட்டது. அமெரிக்காவும் அதே 1968-இல் வீட்டு வாடகையில் நிறவேற்றுமை காட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது. நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடைகளையும் உணவகங்களையும் தங்கும் விடுதிகளையும் எல்லார்க்கும் திறந்துவிட்டது. தீண்டாமையை 17-ஆம் பிரிவு ஒழித்தது. ஆனால், தனியார் வாடகை வீட்டின் கதவருகே "மைத்துனர் பையன்" என்ற ஒரு சொல் போதும், சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க. இங்கு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது; பிறப்பைக் கேட்டு மறுக்காதே என்று கூறவில்லை. கூறவைக்க வேண்டியது நம் வேலை. சட்டம் வரும்வரை காத்திராமல் நடந்து காட்டவேண்டியதும் நம் வேலையே.

மீண்டும் அம்பேத்கரின் வாழ்வுக்கே வருவோம். பரோடாவில் தடியோடு வந்த கூட்டம் பார்சிகள். ஆனால், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1913-இல் நியூயார்க் சென்ற அம்பேத்கர், லிவிங்ஸ்டன் ஹால் என்னும் மாணவர் விடுதியில் ஓர் அறையை இன்னொரு மாணவரோடு பகிர்ந்துகொண்டார். அவர் பெயர் நவல் பதேனா. அவரும் பார்சியே! வாழ்நாள் முழுதும் அம்பேத்கரின் நண்பராய் விளங்கியவர். ஒரே சமயம், ஒரே இரத்தம். ஓரிடத்தில் தடி, ஓரிடத்தில் தோழமை. வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒருவர் அவரோடு ஒரே அறையில் விளக்கேற்றிப் படித்தவர்; மற்றவர்கள் அவர் பெயரை மட்டும் கேட்டவர்கள். மனிதரை மாற்றும் ஆற்றல் சொற்பொழிவுக்கு உண்டா என்பது ஐயம். பகிர்ந்துகொண்ட அறைக்கு உண்டு என்பதற்கு இதோ சான்று.

எனவே, நகருக்கு வரும் இளைஞனே! அறையைத் தேர்ந்தெடுக்கும்போது காற்று வருமா என்று பார். வெளிச்சம் வருமா என்று பார். அதோடு, உன்னைப்போல் பிறவாதவன் வருவானா என்றும் பார். வரமுடியாத அறை, எவ்வளவு சன்னல் வைத்திருந்தாலும் காற்றோட்டமில்லாத அறை.

தொடக்கத்தில் கண்ட அந்த வாயிற்படிக்கு மீண்டும் போவோம். இம்முறை காட்டுப்பள்ளி மாணவன் தனியே நிற்கவில்லை. பக்கத்தில் அவன் வகுப்புத் தோழன்.

"அறை காலியாக இருக்கிறதா, சார்? எங்கள் இருவருக்கும்."

"இருக்கிறது. நீங்கள் என்ன ஆட்கள்?"

"மாணவர்கள், சார். ஊரைக் கேளுங்கள், சொல்லுகிறோம். கல்லூரியைக் கேளுங்கள், சொல்லுகிறோம். முதல் தேதி வாடகை வரும். அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டென்றால், எங்கள் இருவருக்குமே இந்த அறை வேண்டாம்."

இருவரும் படியிறங்கிப் போகக்கூடும். போகட்டும். ஒருவன் மட்டும் இறங்கிப் போனால், மைத்துனர் பையன் குடிவந்துவிடுவான். இருவரும் சேர்ந்து இறங்கினால், அறை காலியாகவே கிடக்கும், வாடகையும் வராது. சில மாதங்கள் அப்படிக் கிடந்தால், அந்தக் கேள்வியே ஒருநாள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போகும்.